வேலூர் சி.எம்.சி.க்கு முதன்முறை செல்பவர்களுக்கு: எந்த வாசல் எதற்காகத் திறக்கப்பட்டது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரே கட்டடம், ஒரே வரிசை என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். சி.எம்.சி. என்று எல்லோரும் அழைக்கும் அந்த நிறுவனமோ, வேலூர் நகரின் நடுவிலுள்ள பெரிய மருத்துவமனை, ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனை, பாகாயத்திலுள்ள மனநல மையம், மறுவாழ்வு மையம், சமுதாய மருத்துவமனை, கே.வி.குப்பத்திலுள்ள ரூசா என்னும் கிராமநல மையம், நெடுஞ்சாலையோரத்து இராணிப்பேட்டை வளாகம், ஆந்திரத்திலுள்ள சித்தூர் வளாகம் எனப் பல இடங்களில் பரவிக் கிடக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வொரு காலத்தில் எழுந்த ஒவ்வொரு தேவைக்காக இவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. எந்த வாசல் எந்தத் தேவைக்காகத் திறக்கப்பட்டது என்பது தெரிந்தால், நாம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் இக்கட்டுரையில் வரலாற்றைத் தனிப் பகுதியாக ஒதுக்காமல் வழியோடு சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

முதற்படி: பயணம் தேவைதானா என்று முடிவு செய்தல்

அவசர நிலையில் உள்ள நோயாளியை நெடுந்தூரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலூருக்கு வரக்கூடாது. மாரடைப்பு, பக்கவாதம், பெரும் இரத்தப்போக்கு போன்றவற்றில் முதல் சில மணி நேரம்தான் உயிரைக் காக்கிறது. 108 வாகனத்தை அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அவசரச் சிகிச்சை வசதியுள்ள வேறொரு மருத்துவமனைக்கோ செல்வதே முறை. வேலூர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கு அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது என்பதையும் வெளியூரார் அறிந்து வைத்திருப்பது நல்லது.

நாள்பட்ட நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி போன்றவை ஊரிலேயே ஒழுங்காகக் கவனிக்கப்பட்டு வந்தால், அவற்றுக்காக மட்டும் பயணம் செய்வதில் பெரிய பயன் இராது என்பது என் கருத்து. நோய் இன்னதென்று பிடிபடவில்லை, ஊர் மருத்துவர் பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார், புற்றுநோய், இரத்த நோய், சிறுநீரகச் செயலிழப்பு, நரம்பு நோய் போன்ற சிக்கலான நிலை, அல்லது இரண்டாவது கருத்து தேவைப்படுகிறது என்றால் வருவதற்குக் காரணம் உண்டு. உங்கள் மருத்துவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடி நோயாளி அனுப்பப்படுகிறார் என்பது அதில் இரண்டு வரியில் இருந்தால், புதிய மருத்துவர் நோயின் கதையை முதலிலிருந்து துருவ வேண்டியிராது.

இரண்டாம் படி: சரியான வளாகத்தைத் தேர்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்க மிஷனரி மருத்துவக் குடும்பத்தின் பெண். இளம்வயதில் மருத்துவராகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. 1890களில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து, பிரசவ வேதனையில் இருந்த பெண்களுக்கு உதவி கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துச்செல்ல அக்குடும்பங்களின் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பின் அமெரிக்கா சென்று, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பி, ஒரே ஒரு படுக்கையுடன் வீட்டிலேயே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் எழுந்த அந்த இடம்தான் இன்று ஷெல் கண் மருத்துவமனையாக இயங்குகிறது. ஆகவே கண்புரை, கண் அழுத்தம், விழித்திரைச் சிக்கல் போன்றவற்றுக்கு வருகிறவர்கள் நகர மருத்துவமனையின் வரிசையில் நிற்காமல் ஆரணி சாலைக்குச் செல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்தாரைத் தேடிச் சாலையோர மரத்தடிகளில் வாரந்தோறும் மருந்து கொடுக்கும் வழக்கத்தை ஐடா தொடங்கிவிட்டார். அந்த மரத்தடி மருத்துவத்தின் நேர்வாரிசு, பாகாயத்தில் கல்லூரி வளாகத்தை ஒட்டியுள்ள சமுதாய மருத்துவமனை. கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்குச் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் நேரில் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நீண்டநாள் நோயாளிகளையும் கண்காணிக்கிறார்கள்; படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் இம்மருத்துவமனைக்கு வருகிறார்கள். பிரசவம், குழந்தை நலம், பொது மருத்துவம் ஆகியவை இங்கே நகர மருத்துவமனையைவிடக் குறைந்த செலவில் நடக்கின்றன. வேலூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும், பாகாயம், கணியம்பாடிச் சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்களும் சாதாரண நோய்களுக்கு முதலில் நாட வேண்டிய இடம் இது. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் இங்குள்ள மருத்துவரே நகர மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார். அப்படிக் கடிதத்துடன் போவது, நேரே போய்த் திகைத்து நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

இதே எண்ணத்தின் வேறு இரண்டு கிளைகளும் உள்ளன. கே.வி.குப்பம் ஒன்றியத்துக்காக 1977-இல் தொடங்கப்பட்ட ரூசா, மருத்துவத்தோடு தொழிற்பயிற்சி, வாழ்வாதாரம் போன்ற சமூகப் பணிகளையும் சேர்த்துச் செய்கிறது. வேலூர் நகரத்து ஏழைகளுக்கென 1982-இல் உருவான பிரிவு, எல்.சி.இ.சி.யூ. என்ற எழுத்துகளால் அறியப்படுகிறது. தேவையற்ற பரிசோதனைகளைத் தவிர்த்து, குறைந்த செலவில் பயனுள்ள சிகிச்சை தருவது அதன் நோக்கம். நகர்ப்புற ஏழைக் குடும்பங்களுக்கு இப்படியொரு வாசல் இருப்பதே வெளியில் பலருக்குத் தெரிவதில்லை.

மனநலச் சிகிச்சைக்கு வருவோர் பாகாயத்திலுள்ள மனநல மையத்துக்குச் செல்ல வேண்டும். 1957-இல் இம்மையம் தொடங்கியபோது, கனடாவிலிருந்து வந்த மருத்துவர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ், நோயாளியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாமல், குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்யும் முறையை ஏற்படுத்தினார். ஆகவே மனநலச் சிகிச்சைக்குச் சேர வருகிறவர்கள் கூடவே தங்கக்கூடிய உறவினர் ஒருவரை அழைத்துவருவது இன்றியமையாதது. உறவினரை வெறும் துணையாக எண்ணாமல், சிகிச்சையின் பங்காளியாகவே மருத்துவர்கள் நடத்துவார்கள்.

மறுவாழ்வு மையமும் பாகாயத்தில்தான் இருக்கிறது. 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்கும் திறனை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். 1966-இல் எழுந்த இம்மையம் அவர் வளர்த்த துறையின் விளைவு. தண்டுவடக் காயம், மூளைக் காயம், உறுப்பிழப்பு போன்றவற்றுக்குப் பின் அன்றாட வாழ்க்கையை மீண்டும் கற்க வேண்டியவர்களுக்கு இங்கே நீண்டகாலப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அவர்கள் நாள் கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் தங்கும் ஏற்பாட்டுடன் வர வேண்டும்.

எல்லாவற்றிலும் புதியது இராணிப்பேட்டை வளாகம். ஐடா பிறந்த ஊரின் பெயரையே தாங்கி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்னிகாபுரத்தில் 2022-இல் இது இயங்கத் தொடங்கியது. விபத்துக் காயங்களுக்கான உயர்நிலைச் சிகிச்சை மையம் இங்கேதான் உள்ளது. இரத்தவியல் போன்ற சில பெரிய துறைகளும் நகரிலிருந்து இங்கே இடம்பெயர்ந்துவிட்டன. பழைய நோயாளி ஒருவர் சொன்னதை நம்பி நகர மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து மீண்டும் இராணிப்பேட்டைக்குப் போக நேர்கிறவர்கள் உண்டு. முன்பதிவுச் சீட்டில் துறையின் பெயரோடு வளாகத்தின் பெயரும் இருக்கும். அதைப் பார்த்த பிறகே தங்கும் அறையை எங்கே எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

இவை தவிர மீதி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஐடா ஸ்கடர் சாலையிலுள்ள நகர மருத்துவமனைதான்.

மூன்றாம் படி: பதிவும் நாள் குறித்தலும்

வீட்டிலிருந்தபடியே மருத்துவமனையின் இணையதளத்தில் புதிய நோயாளியாகப் பதிந்து, துறையையும் நாளையும் தேர்ந்து, கட்டணம் செலுத்திவிடலாம். இதைச் செய்யாமல் நேரே வருகிறவர்களுக்கும் பதிவு முகப்புகள் உண்டு. ஆனால் சில துறைகளில் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க இடம் கிடைக்காமல், பல நாள் கழித்துத்தான் நாள் கிடைக்கும். அந்நாட்களின் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வீண். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிப் பிரிவு கிடையாது. சனிக்கிழமையும் எல்லாத் துறைகளும் வழக்கம்போல் இயங்கும் என்று நம்பி வர வேண்டாம்.

பதிவின்போது உங்களுக்கு ஒரு மருத்துவமனை எண் வழங்கப்படும். எண்களும் இறுதியில் ஓர் எழுத்தும் கொண்ட அந்த எண், வாழ்நாள் முழுவதும் மாறாதது. பத்தாண்டு கழித்து வந்தாலும் அதே எண்ணில்தான் உங்கள் கோப்பு இருக்கும். எண்ணைத் தொலைத்துவிட்டுப் புதிதாக இன்னொரு பதிவு செய்தால், பழைய பரிசோதனைகளும் புதியவையும் இரு வேறு ஆட்களுடையவை போலப் பிரிந்து கிடக்கும். பெயரும் பிறந்த நாளும் அடையாள அட்டையில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று முதல் நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ஓரெழுத்துப் பிழைகூட அலைச்சல் தரும்.

பதிவின்போது ‘ஜெனரல்’, ‘பிரைவேட்’ என்று இரண்டு வகை கேட்பார்கள். பிரைவேட் என்றால் கட்டணம் கூடுதல். மூத்த மருத்துவர் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுப் பார்க்கலாம். ஜெனரல் என்றால் கட்டணம் குறைவு. அத்துறையின் மருத்துவர் குழுவில் ஒருவர் பார்ப்பார், தேவைப்படும்போது மூத்தவர் பார்வையிடுவார். ஜெனரலில் தரம் குறைந்த சிகிச்சை என்று பலர் எண்ணுவது சரியன்று. இது மருத்துவக் கல்லூரி. இளம் மருத்துவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதி, தம் ஆசிரியரிடம் விளக்கிச் சொல்லி, இருவரும் சேர்ந்து முடிவெடுப்பதுதான் இங்கே நடைமுறை. முதல் சந்திப்பை ஜெனரலில் தொடங்குவதில் பெரும்பாலோருக்கு இழப்பு எதுவும் இல்லை என்றே கருதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்குக் கடவுச்சீட்டும் உரிய மருத்துவ விசாவும் கட்டாயம். அவர்களுக்கெனத் தனி அலுவலகம் உண்டு. வங்காளதேசத்திலிருந்து மட்டும் பல ஆண்டுகளாக ஏராளமானோர் வந்திருப்பதால், இது இங்கே பழகிய நடைமுறைதான்.

நான்காம் படி: கையில் கொண்டுவர வேண்டியவை

பழைய மருத்துவச் சீட்டுகள், வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சுருக்க அறிக்கைகள், இப்போது உண்ணும் மருந்துகளின் பட்டியல், ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி ஒரே கோப்பில் கொண்டுவருங்கள். ஸ்கேன் எடுத்தவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுவந்தால் போதாது. படங்களையோ குறுந்தகட்டையோ மருத்துவர் தம் கண்ணால் பார்க்க விரும்புவார். புற்றுநோய்க்காக ஏற்கெனவே சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்திருந்தால், அந்த ஆய்வகத்திலிருந்து அத்துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் (ஸ்லைடு), அது பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டிகளையும் (பிளாக்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை இங்குள்ள நோய்க்கூறியல் துறையில் மீண்டும் பார்த்து உறுதி செய்ய முடியும். அவை இல்லையென்றால் மறுபடி ஊசி போட்டுத் துணுக்கு எடுக்க நேரலாம். மருந்து ஒவ்வாமை இருப்பின், அதைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கோப்பின் மேலேயே வையுங்கள்.

காப்பீடு உள்ளவர்கள், அது அரசுத் திட்டமாயினும் தனியார் நிறுவனமாயினும், உங்கள் அட்டை இங்கே, இந்த வளாகத்தில், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று புறப்படும் முன்பே மருத்துவமனையிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 210 கிலோமீட்டர். இரயிலில் வருவோர் காட்பாடிச் சந்திப்பில் இறங்க வேண்டும். வடநாட்டு இரயில்கள் பலவும் அங்கே நிற்கும். காட்பாடியிலிருந்து நகர மருத்துவமனை வழியாகப் பாகாயம் வரை நகரப் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. இரயில் நிலைய வாசலிலேயே அறை பிடித்துத் தருகிறேன், டாக்டரை உடனே பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்று அணுகுகிறவர்கள் இருப்பார்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தரகர் வழியாக முன்னுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு எதுவும் கிடையாது. அறைக்கும் தரகு உங்கள் வாடகையில்தான் ஏறும்.

மருத்துவமனைக்கு எதிரிலும் காந்தி சாலையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் எல்லா விலையிலும் விடுதிகள் உள்ளன. நோயாளிகள் நெடுநாள் தங்குவதை மனத்தில் வைத்து, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுத்துச் சமைக்க அனுமதிக்கும் விடுதிகள் பல. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் போன்ற மாநிலத்தார் தலைமுறையாக வந்துபோவதால், பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்தையும், உணவகங்களில் மீன் குழம்பும் ரொட்டியும் கிடைப்பதையும் காணலாம். தமிழகத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சில தெருக்களில் தாம்தான் அயலூரார் என்று தோன்றும்.

அவசரமற்ற நோய்க்கு வருகிறவர்கள் குறைந்தது ஒரு வாரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பு, பரிசோதனைகள், முடிவுகளுடன் மறுசந்திப்பு என மூன்று கட்டங்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்குத் தனியே நாள் காத்திருக்க நேரலாம் என்பதால், திரும்புவதற்கான இரயில் சீட்டை முதல் சந்திப்புக்குப் பிறகு எடுப்பதே மேல்.

ஆறாம் படி: மருத்துவரைப் பார்க்கும் நாள்

சீட்டில் குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே துறையின் முகப்பில் உங்கள் வருகையைப் பதிவுசெய்யுங்கள். அங்கே பெயர் பதியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நேரமானாலும் அழைப்பு வராது. பிறகு காத்திருக்க வேண்டும். மருத்துவர் ஒவ்வொருவரையும் விரிவாகக் கேட்பதால் நேரம் இழுக்கும். நீரிழிவு உள்ளவர்கள் தின்பதற்கு ஏதேனும் கையில் வைத்திருப்பது அவசியம்.

கேட்க வேண்டிய கேள்விகளை முந்தைய இரவே எழுதிக்கொள்ளுங்கள். நோயின் பெயர் என்ன, வேறு சிகிச்சை வழிகள் உண்டா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்னவாகும், மொத்தச் செலவு எவ்வளவு வரும், மருந்தை ஊரிலேயே தொடரலாமா என்ற ஐந்தும் எந்த நோய்க்கும் பொருந்தும். தமிழ், ஆங்கிலம் மட்டுமின்றி இந்தி, வங்காளம், மலையாளம், தெலுங்கு பேசும் பணியாளர்களும் இருக்கிறார்கள். புரியவில்லையென்றால் மீண்டும் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால், காலை சீக்கிரமே சென்றுவிடுங்கள். தண்ணீர் குடிக்கலாமா, வழக்கமான மாத்திரையைப் போடலாமா என்பதைச் சீட்டு எழுதும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: பணமும் படுக்கையும்

ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே வரிசையில் நின்று பணம் கட்டுவதைத் தவிர்க்க, கிரிஸ் கார்டு என்ற முன்பண அட்டை இருக்கிறது. அதில் தொகை செலுத்திவிட்டால், அந்தந்த இடத்தில் அட்டையைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். மீதியைத் திரும்பப் பெறலாம்.

உள்நோயாளியாகச் சேரச் சொன்னால், சேரும் நாளுக்கு முன்பே உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் தேவைப்படும் என்றால், இரத்த வங்கி உறவினர்களிடமிருந்து கொடையாளர்களை எதிர்பார்க்கும். ஆகவே உடல்நலமுள்ள இளையவர் ஒருவர் இருவரேனும் கூட வருவது நல்லது. உள்ளே நோயாளியுடன் இருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நோயாளிக்கு ஊரே திரண்டு வந்தாலும் வார்டுக்குள் அனைவருக்கும் இடமில்லை.

நாட்டிலேயே முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதும், 1961-இல் திறந்த இதய அறுவைச் சிகிச்சை, 1971-இல் சிறுநீரக மாற்று என அடுத்தடுத்து நடந்ததும் இந்த மருத்துவமனையில்தான். இத்தகைய சிகிச்சைகள் எங்கே நடந்தாலும் செலவு அதிகம் பிடிப்பவை. இலாப நோக்கற்ற நிறுவனம் என்பதால் எல்லாம் இலவசம் என்று எண்ணி வந்து திகைப்பவர்கள் உண்டு. கட்டணம் செலுத்தக் கூடியவர்களிடம் பெறுவதைக் கொண்டும் நன்கொடைகளைக் கொண்டும் இயலாதவர்களுக்குச் சலுகை தருவதுதான் இங்குள்ள ஏற்பாடு. செலவைத் தாங்க முடியாது என்றால் அதை மருத்துவரிடமும், துறையின் சமூகப் பணியாளரிடமும் சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குடும்ப வருமானம் பற்றி விசாரித்து, இயன்ற அளவு குறைப்பார்கள். எல்லாம் முடிந்து இறுதிக் கணக்கு வந்த பிறகு கேட்டால், அவர்களால் செய்யக்கூடியது குறைந்துவிடும்.

எட்டாம் படி: ஊர் திரும்பிய பின்

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்க அறிக்கையை வேலூரிலேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். மருந்தின் அளவு, எத்தனை நாள், மறுபடி வர வேண்டிய தேதி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பன அதில் இருக்க வேண்டும். விளங்காததை வார்டை விட்டு இறங்கும் முன்பே கேட்டுத் தெளியுங்கள். சில மருந்துகள் சிற்றூர்களில் கிடைப்பதரிது என்பதால், ஒரு மாதத்துக்கானதை இங்கேயே வாங்கிக்கொண்டு, அதே மூலக்கூறு வேறு எந்தப் பெயரில் கிடைக்கும் என்று மருந்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பரிசோதனை முடிவுகளை இணையதளத்திலும் பார்க்க முடியும். அவற்றை அச்செடுத்து, சுருக்க அறிக்கையின் ஒரு படியுடன் உங்கள் ஊர் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை மறுசந்திப்புக்கு நாள் குறிக்கும்போது அதே மருத்துவமனை எண்ணையே பயன்படுத்துங்கள். சந்திப்புக்கு முன் செய்ய வேண்டிய எளிய இரத்தப் பரிசோதனைகளை ஊரிலேயே செய்துகொண்டு வரலாமா என்பதையும் புறப்படும் முன் கேட்டுக்கொண்டால், வேலூரில் தங்கும் நாட்களில் ஓரிரண்டு குறையும்.